இரண்டாவது பிரேக்

என் காலடியில் ஒரு பிரேக் இருக்கிறது,
ஒரு கிளட்ச் இருக்கிறது.
ஸ்டியரிங் கிடையாது.
பதினோரு வருடமாக விவேக்நகர் சந்துகளில்
இப்படித்தான் பிழைப்பு:
அடுத்தவர் ஓட்டும் வண்டியை
நான் நிறுத்துகிறேன்.

மாசிலாமணி சார் முதல் நாள்
பழக்கத்தில் இடப்பக்கக் கதவைத் திறந்து
என் மடியில் உட்காரப் பார்த்தார்.
பத்தொன்பது வருடம் ஸ்டுட்கார்ட்டில் ஓட்டியவர்.
அந்த ஊர் லைசென்ஸைக்
கல்யாணப் பத்திரிகை மாதிரி
இரண்டு கையாலும் நீட்டினார்.

ஈஜிபுராவில் திரும்பச் சொன்னேன்.
இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பர் ஆடியது.
மார்ச் மாத வெயிலில்
கரகரவென்று
வராத மழையைத் துடைத்தது.

சிக்னல் இல்லாத முக்கில்
வலப்பக்கம் வருபவருக்கே வழி என்பது
அங்கே சட்டமாம்.
நம்ம முக்கில் அப்படியே நின்றார்.
வலப்பக்கம் ஒரு பைக் வந்தது.
அதன் பின்னால் தண்ணீர் லாரி,
பள்ளிக்கூட வேன்,
தலையில் மெத்தை சுமந்த ஒருவர்,
இரண்டு பசு.
வலப்பக்கம் தீரவே இல்லை.
"சார், இங்கே மூக்கை நுழைச்சவருக்குத்தான் வழி."
"மூக்கா?"
"வண்டி மூக்கு."
சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து
எழுதிக்கொண்டார்.

எதிரே வந்த டெம்போ லைட்டை அடித்தது.
இவர் சிரித்துக் கையுயர்த்தி நன்றி சொல்லி
வண்டியைத் திருப்பினார்.
என் கால் போய் விழுந்தது இரண்டாவது பிரேக்கில்.
டெம்போ எங்கள் கண்ணாடியைத் தடவிக்கொண்டு போனது.
அந்த வெளிச்சத்துக்கு அங்கே "நீ போ" என்று பொருள்,
இங்கே "நான் வரேன்".
ஒரே பல்பு.
மூச்சு வந்ததும் கேட்டார்:
"அப்போ வழி விடணும்னா
எப்படிச் சொல்வீங்க, பிலோமினா மேடம்?"
பதினோரு வருடத்தில்
யாரும் கேட்காத சந்தேகம்.

ஆட்டோக்காரர் ஒருவர் இடது காலை வெளியே நீட்டி
இடதுபுறம் திரும்பியதை
ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.
ஹாரனை மட்டும் தொட மாட்டார்.
அங்கே அது திட்டு.
இங்கே அது தொண்டையைச் செருமுவது,
கதவைத் தட்டுவது,
சும்மா, இருக்கேன் என்பது.
எவ்வளவு சொல்லியும் அவர் கட்டைவிரல்
பாதியில் நின்றுவிடும்,
தெரியாதவர் வீட்டு அழைப்புமணி முன்னால் போல.

ஆடுகோடியில், வெள்ளைக் கோடு போட்ட இடத்தில்,
துடைப்பத்தோடு ஒரு பெண் நின்றிருந்தார்.
இவர் நிறுத்தினார்.
அந்தப் பெண் நகரவில்லை.
டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
எதற்கு நிற்கிறோம் என்று புரியவில்லை.
போங்க என்று கை காட்டினார்.
நீங்க போங்க என்று இவர் காட்டினார்.
பின்னால் ஒரு ஊரே அலறியது.
கடைசியில் அந்தப் பெண்
எங்களுக்காகக் காத்த இடத்தை விட்டு
பத்தடி தள்ளிப் போய்,
ஓடும் வண்டிகளுக்கு நடுவே
உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு
பழகிய மாதிரி கடந்தார்.

அன்று திரும்பும் வழியில் கேட்டேன்.
"ஆளே இல்லாத சிவப்பில் அங்கே நிற்பீங்களா?"
"நிற்போம்."
"ராத்திரி மூணு மணிக்கும்?"
"பனி கொட்டினாலும்."
"யாருக்கு சார்?"
அதற்கு மட்டும் பதில் இல்லை.
நோட்டிலும் எழுதவில்லை.

கடைசி வகுப்பு விடியற்காலை ஐந்தரை.
சோனி வேர்ல்டு சிக்னலில் சிவப்பு,
எண்பத்தெட்டு நொடி.
நாலு பக்கமும் ஒரு நாய்கூட இல்லை.
நிறுத்தினார்.
போங்க சார் என்று வாய்வரை வந்தது.
சொல்லவில்லை.
பிரேக்கிலிருந்து காலை எடுத்துச்
செருப்புக்குள் நுழைத்துக்கொண்டேன்.
எண்கள் இறங்குவதை
இவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை.

அறுபத்திரண்டில் பின்னால் ஒரு பால் வண்டி வந்தது.
ஹாரன் அடித்தது. லைட்டை அடித்தது.
சுற்றிக்கொண்டு முன்னால் போய்
ஓரமாக நின்றது.
டிரைவர் இறங்கி வந்து
பானெட்டைப் பார்த்தார், குனிந்து என்னைப் பார்த்தார்:
"ஏனாய்த்து மேடம், காடி கெட்டோய்தா?"

தள்ளுவதற்கு
சட்டைக் கையை
அதற்குள் மடித்துவிட்டிருந்தார்.

முப்பத்தொன்பது.